இருமிவிட்டுத் திரும்பும் வண்டி

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் எனக்கும் ஒரு பூனைக்கும் தகராறு வந்தது. நிஜப் பூனை அல்ல. முகத்தில் கண்ணாடித் திரை, தலையில் இரண்டு காது, வயிற்றில் அடுக்குத் தட்டுகள் வைத்த பரிமாறும் ரோபோ. நான் கை கழுவிவிட்டு வருகிறேன். அது அப்பளத்தோடு எதிரே வருகிறது. இருவரும் நின்றோம். நான் வலது பக்கம் ஒதுங்கினேன், அதுவும் அந்தப் பக்கமே அசைந்தது. இடது பக்கம் ஒதுங்கினேன், அதுவும் கூடவே வந்தது. திரையில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. போகிறாயா, நிற்கிறாயா என்று கேட்டால் பாட்டுப் பாடுகிறது.

என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள் சிலர் அன்று எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். எல்லாரும் இப்போது ஆளுக்கொரு தொழிற்சாலையில் ரோபோ மேய்க்கிறவர்கள்.

"வழி விட்டுருங்க லா மேடம், சோறு ஆறுது" என்றான் ஒருவன்.

"விடுறேன். எந்தப் பக்கம் போகப் போறேன்னு அது முதல்ல சொல்லட்டும்."

"உங்க காலத்து ரோபோ சொல்லிச்சாக்கும்?"

"சொல்லிச்சு. இருமிட்டுத்தான் திரும்பும்."

மேசையே சிரித்தது. கிழவிக்கு ரசம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நம்பாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ்வாசி. எழுபதுகளில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு, ஷா ஆலாமில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் ஈயப்பற்று வைக்கும் வேலைக்குப் போனேன். பக்கத்து நாற்காலிக்காரிகள் கல்யாணம் கட்டிக்கொண்டு போனார்கள். நான் மாலை வகுப்பில் சேர்ந்து டெக்னீஷியன் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பராமரிப்புப் பிரிவுக்குப் போனேன். அந்தப் பிரிவில் முதல் பெண் நான்தான். ஸ்குரூடிரைவரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர அங்கே ஆண்கள் வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நாளில் வரிசை கலைந்துவிட்டது.

அந்தப் பிரிவின் தலைவர்தான் மிஸ்டர் குணரத்தினம். யாழ்ப்பாணத் தமிழர், காஜாங்கில் பிறந்து வளர்ந்தவர். பட்டறையில் எல்லாரும் அரைக்கை நீலச் சட்டை போட்டிருக்க, அவர் மட்டும் கஞ்சி போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டை. கைப்பட்டன் ஒருநாளும் திறந்திருக்காது. எண்ணெய் ஒழுகும் இயந்திரத்துக்குள் தோள்வரை கையை விட்டுவிட்டு வெளியே எடுப்பார், கைநுனி அப்படியே வெள்ளையாக இருக்கும். அந்த வித்தையை மட்டும் எங்களுக்குச் சொல்லித்தராமலே ஓய்வுபெற்றார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், மூடியைத் திறப்பதற்கு முன் அதை ஓட்டிய பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவள் உட்கார வேண்டும்; அது சட்டம். "முதல்ல கண்டதைச் சொல்லுங்கோ. பிறகு கேட்டதைச் சொல்லுங்கோ. நினைச்சதைக் கடைசியாச் சொல்லலாம்" என்பார். பதற்றத்தில் நினைத்ததை முதலில் சொல்ல ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். ஒருமுறை நான் சுவிட்ச் போர்டு புகைகிறது என்று ஓடிப்போய், "சார், ஃபியூஸ் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். "நீர் நினைக்கிறது இருக்கட்டும், பவானி. என்ன கண்டனீர்?" என்றார். பின்னால் புகை வந்துகொண்டே இருந்தது. நானும் அவர் சொன்ன வரிசைப்படியே சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகுதான் அணைக்கப் போனோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கதைக்கே அதுதான் அச்சாணி. நம் நாட்டில் யார் முன்னால் குறுக்கே போனாலும் உடம்பைக் கொஞ்சம் வளைத்து, வலது கையைத் தரையைப் பார்த்து நீட்டி, 'தும்பாங் லாலு' என்று வழி கேட்டுக்கொண்டு போவோம். மலாய்க்காரர் வீட்டில் தொடங்கிய மரியாதை, எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மேலதிகாரி ஒருவர், லைனில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள் முன்னால் அப்படிக் குனிந்து போய் நான் பார்த்ததில்லை. மற்ற மேலாளர்கள் எங்களைத் தூண் மாதிரி சுற்றிக்கொண்டு போவார்கள். மிஸ்டர் குணரத்தினம் ஒவ்வொரு தடவையும் வழி கேட்டார். தூரத்திலேயே நடையை மட்டுப்படுத்துவார். தொண்டையைச் செருமி இரண்டு தடவை இருமுவார். எந்தப் பக்கம் போகப் போகிறாரோ அந்தப் பக்கம் கை தாழும். பிறகுதான் திரும்புவார். யாராவது ஏற்கெனவே கடந்துகொண்டிருந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் போகும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்காத சாப்பாட்டு இடைவேளை கிடையாது. கிண்டல்தான், ஆனால் அவர் மேல் எல்லாருக்கும் ஒரு வாஞ்சை இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஜப்பானிலிருந்து ஆள் இல்லாமல் ஓடும் வண்டி ஒன்று வந்து இறங்கியது. ஸ்டோரிலிருந்து லைனுக்குச் சாமான் கொண்டுபோக வேண்டியது. தரைக்கடியில் கம்பி புதைத்தார்கள். வண்டி அந்தக் கம்பியை மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். எதிரே ஆள் வந்தால் கண்டுகொண்டு நிற்கும். தலையில் மஞ்சள் விளக்கு சுழலும். அந்த விளக்கு எப்படி மினுக்கினால் என்ன அர்த்தம் என்று ஓர் அட்டவணை. மிஸ்டர் குணரத்தினம் அதை மூன்று மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மெதுவாக மினுக்கினால் இடது பக்கம் திரும்பும், வேகமாக மினுக்கினால் வலது பக்கம், விடாமல் எரிந்தால் உனக்காக நிற்கிறேன், இப்படி ஒரு பக்கம் முழுக்க. எங்கள் பெண்கள் அந்தச் சுவரைத் தாண்டும்போது கண்ணாடியில் முகம் பார்க்கிற நேரம்கூட அதைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது: பேய்க்காடி. காடி என்றால் எங்கள் பேச்சில் வண்டி.

பேய் என்று சொல்லக் காரணம் இருந்தது. எப்போது நிற்கும், எப்போது கிளம்பும், எந்தப் பக்கம் பாயும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதன்மேல் தவறே இல்லை, எல்லாம் திட்டப்படிதான் செய்தது. அந்தத் திட்டம் அதற்குள்ளேயே இருந்தது என்பதுதான் தொல்லை.

அஞ்சலை அக்கா வந்து மாட்டிக்கொண்டது இங்கேதான். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். டிராலியில் படக்குழாய்களை அடுக்கிக்கொண்டு மூன்றாவது லைன் முனைக்கு வந்தார். எதிரே வந்த பேய்க்காடி நடையை மட்டுப்படுத்தியது. நமக்காகத்தான் நிற்கப் போகிறது என்று அக்கா டிராலியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார். அதுவோ திரும்புவதற்காக மட்டுப்படுத்தியிருந்தது. திரும்பியது, அதன் பின்புறம் டிராலியின் இடுப்பில் இடித்தது. படக்குழாய்கள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தத்தில் அலுவலகத்துக்காரர்கள் மேசைக்கடியில் போய்விட்டார்கள். அக்காவுக்குக் காயமில்லை. வேலைதான் காயப்பட்டது.

விளக்கை மதிக்காமல் குறுக்கே போனதாகக் குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

"என்னைத் திரும்ப பால்மரம் வெட்டப் போகச் சொல்றாங்களா பவானி?" என்று பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்ல வெளிய வந்து சம்பளம் வாங்குறது நான் ஒருத்திதான். என்னைப் பார்த்துத்தான் மத்த பொண்ணுங்களை அனுப்பலாமா வேணாமான்னு யோசிக்குறாங்க. இப்ப எல்லாத்துக்கும் கதவச் சாத்திருவாங்க."

விசாரணையில் துணைக்கு ஒரு சக தொழிலாளி உட்காரலாம் என்று விதி. அக்கா என்னைக் கேட்டார். சிக்கல் என்னவென்றால், கம்பெனி பக்கத்துச் சாட்சி என்னுடைய தலைவர் மிஸ்டர் குணரத்தினம். மறுநாள் காலையில் அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டியவள் நான். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

விசாரணை நடந்தது மாடியில், பணியாளர் அதிகாரி என்சிக் ரசாக்கின் அறையில். என்சிக் என்றால் மலாயில் மிஸ்டர் மாதிரி. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே கீழே லைன்கள் எல்லாம் தெரியும். என்சிக் ரசாக் நல்ல மனுஷர்தான், ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போக வேண்டும் என்கிற முகம். மிஸ்டர் குணரத்தினம் சாட்சி சொன்னார். வண்டியில் கோளாறு இல்லை. விளக்கு எரிந்தது. அட்டவணை சுவரில் இருக்கிறது. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அட்டவணையைக் காட்டச் சொன்னதும், கீழே போய் எடுத்துவருவதாக எழுந்து போனார்.

அவர் கதவைச் சாத்தியதும் என்சிக் ரசாக் பேனாவை மூடிக்கொண்டு மலாயில் சொன்னார்: பாவம்தான், ஆனால் உங்கள் ஆட்கள் எதையுமே கவனித்துப் பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

அதுவரை தலையைக் குனிந்திருந்த அஞ்சலை அக்கா நிமிர்ந்தார். "நாங்க பாக்கறதில்லையா?" கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கீழே மிஸ்டர் குணரத்தினம் படியிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தார். "என்சிக், இங்க வாங்க. சார் இப்ப மெதுவா நடப்பாரு பாருங்க."

மெதுவாக நடந்தார்.

"இருமுவாரு. ரெண்டு தடவ."

கண்ணாடி வழியே சத்தம் வரவில்லை. ஆனால் தோள் இரண்டு தடவை குலுங்கியது. என்சிக் ரசாக் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"இடது கைப் பக்கம் போவாரு, கை தாழுது பாருங்க. அந்தா போறாரு. இப்ப நிப்பாரு, எதிர்க்க டிராலி வருது. கை ரெண்டும் பின்னால போயிரும். மேல பாப்பாரு."

மிஸ்டர் குணரத்தினம் நின்றார். கைகளைப் பின்னால் கட்டினார். கூரையைப் பார்த்தார்.

என்சிக் ரசாக் கண்ணாடியில் நெற்றி ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அழுகிற குரலில்தான் சொன்னார்.

"இந்தக் கம்பெனில என் முன்னால குறுக்க போறதுக்கு என்னைக் கேக்குற மேனேஜர் அவர் ஒருத்தருதான் என்சிக். கேக்குறவங்களை நாங்க பாக்காம இருப்போமா? அந்தக் காடி ஒண்ணுமே கேக்கல. நின்னா போகும், போனா நிக்கும். நான் எதைப் பாக்குறது?"

அதை நான் மலாயில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா முக்கால்வாசி மலாயிலேயேதான் பேசினார்.

அட்டவணையோடு திரும்பி வந்த மிஸ்டர் குணரத்தினத்தை அறையில் எல்லாரும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தோம். அவர் ஒருமுறை கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டார். என்சிக் ரசாக் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வண்டி திரும்பும்போதும் மட்டுப்படும், ஆளுக்காக நிற்கும்போதும் மட்டுப்படும். விளக்கை விட்டுவிட்டால் இரண்டுக்கும் பார்வைக்கு என்ன வித்தியாசம்?

மிஸ்டர் குணரத்தினம் அட்டவணையைப் பார்த்தார். அவர் முறை எனக்குத் தெரியும். கண்டதை முதலில் எடுத்தார், கேட்டதைப் பிறகு எடுத்தார். அட்டவணையை மடித்து மேசைமேல் வைத்தார். "ஒரு வித்தியாசமும் இல்லை" என்றார். தன் பக்கத்துச் சாட்சியைத் தானே கவிழ்த்த மனுஷரை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. வண்டியைப் புரியும்படி செய்யுங்கள், தொழிற்சாலை மேலாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்டுங்கள். பார்த்த மாத்திரத்தில் ஆட்களுக்குப் புரிந்தால் தவறு வண்டியுடையது, அக்கா வேலைக்கு வரலாம். அப்போதும் புரியவில்லையென்றால் தவறு அக்காவுடையது. தீர்ப்பு அப்படி.

"என்ன செய்யலாம் எண்டு யோசித்துக்கொண்டு வாரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னாலேயே யோசித்து முடித்திருந்தேன். ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? சார், உங்களைப் போலவே ஒரு வண்டி செய்யப் போகிறேன் என்றா?

சொல்லவில்லை. 'பக்கம் காட்டும் கை' என்று மட்டும் படம் வரைந்து கொடுத்தேன். அவர் அளவுகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். கிள்ளானில் பழைய லோரி உடைக்கும் கடையில் வைப்பர் மோட்டார் இரண்டு வாங்கி வந்து, வண்டிக்கு வலமும் இடமும் இரண்டு கை பொருத்தினேன். திரும்புவதற்கு முன் அந்தப் பக்கத்துக் கை தாழும். ஒலிக்கு இருந்த பீப்பியைக் கழற்றிவிட்டு, தடித்த குரலில் இரண்டு தடவை 'க்க்ஹும்' என்கிற மாதிரி ஒரு பஸ்ஸரை மாற்றினேன். அதை இருமல் பதத்துக்குக் கொண்டுவர எனக்குச் சில நாள் சாப்பாட்டு இடைவேளைகள் பிடித்தன. சரியான பதம் வந்தபோது, பக்கத்து மேசையில் இருந்தவர் சார் வந்துவிட்டார் என்று பயந்து போய்ச் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஒளித்துவிட்டு எழுந்து நின்றார்.

அதோடு நான் நிறுத்தியிருப்பேன். மூன்றாவது லைனில் கக் நோர், அதாவது நோர் அக்கா, என்று ஒரு தலைவி இருந்தார். அஞ்சலை அக்காவின் சிநேகிதி. வெறும் தகரக் கை பார்க்க நன்றாக இல்லை என்று, மறுநாள் இரண்டு வெள்ளைத் துணிச் சட்டைக்கை தைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். கஞ்சி போட்டிருந்தார். நுனியில் பட்டனும் இருந்தது.

"கக், இது ரொம்ப அதிகம். பாத்துட்டாருன்னா?"

"தூரத்துலேர்ந்து தெரியணும் லா. வெள்ளைதான் தெரியும். பாதுகாப்பு" என்றார் கக் நோர். நாங்கள் எல்லாருமே அவரவர் மொழியில் கலந்து பேசுகிறவர்கள். அந்த நேரத்தில் அவர் முகம் எந்த மொழியிலும் குழந்தை மாதிரி இருந்தது.

முதல் நாள் வெள்ளோட்டம் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வண்டி இருமியது, கையைத் தாழ்த்தியது. பெண்கள் பார்த்தார்கள். இவ்வளவு மரியாதையாக வழி கேட்கிறதே என்று அத்தனை பேரும் நின்று, "போங்க போங்க" என்று கைகாட்டினார்கள். பக்கத்தில் ஆள் நிற்பதைக் கண்டு வண்டி நின்றது. நீங்கள் முதலில் போங்கள் என்று பெண்கள் நின்றார்கள். ஆள் நகரட்டும் என்று வண்டி நின்றது. மரியாதை தெரிந்த இரண்டு சம்பந்தி வாசலில் நிற்கிற கதைதான். மூன்றாவது லைனுக்குச் சாமான் வராமல் போய், கன்வேயர் வெறுமனே ஓடியது. மேற்பார்வையாளர்கள் கத்த ஆரம்பித்தார்கள். முரட்டு வண்டியாக இருந்தபோதாவது வேலை நடந்தது என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சு மேலே போனால் அக்கா கதை அதோடு சரி.

மிஸ்டர் குணரத்தினம் வந்தார். பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். அன்று வெள்ளைச் சட்டைக்கைகள் தெரியாதபடி இரண்டு கையிலும் எண்ணெய்த்துணி சுற்றியிருந்தேன். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"போறன் எண்டு சொல்லத் தெரியுது. நிக்கிறன் எண்டு சொல்லத் தெரியேல்லை" என்றார். "ஒருத்தருக்கு வழி விடேக்கை ஆக்கள் என்ன செய்யிறவை, பவானி?"

"கையைப் பின்னால கட்டிக்குவாங்க சார்."

"ஆர் அப்பிடிச் செய்யிறது? நான் கண்டதில்லை."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "பொதுவா… சில பேரு சார். மேலே பாத்துக்கிட்டு."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு, "சரி. அப்பிடியே வையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி ஆளுக்காக நிற்கும்போது அதன் கைகள் இரண்டும் மடங்கிப் பின்னால் போகும்படி மாற்றினேன். உடனே சரியாகிவிட்டது. கை முன்னால் தாழ்ந்தால் அது போகிறது, நீ நில். கை பின்னால் போனால் அது நிற்கிறது, நீ போ. ஒருவருக்கும் ஒன்றும் சொல்லித்தரவில்லை, சுவரில் ஒன்றும் ஒட்டவுமில்லை. மறுநாளே பெண்கள் வாயால் கதையடித்துக்கொண்டே வண்டிக்கு வழி விட்டார்கள், அதனிடம் வழியும் வாங்கினார்கள். பேய்க்காடி என்கிற பெயரும் போனது. புதுப் பெயர் என்ன என்று நான் எழுதப் போவதில்லை. 'குட்டி' என்று தொடங்கும்.

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. தொழிற்சாலை மேலாளர், என்சிக் ரசாக், இன்னும் சில பெரிய மனிதர்கள் வந்து நின்றார்கள். பொய்க்கு ஆள் நிறுத்தியிருக்கிறோம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று, வண்டியைப் பார்த்தே இராத பொதி கட்டும் பிரிவிலிருந்து ஆட்களை என்சிக் ரசாக்கே அழைத்து வந்திருந்தார். எண்ணெய்த்துணியை எடுத்துவிட வேண்டிய வேளை. எடுத்தேன். வெள்ளைக் கஞ்சிச் சட்டைக்கைகள் பளிச்சென்று தெரிந்தன. நான் மிஸ்டர் குணரத்தினம் பக்கம் திரும்பவே இல்லை.

பொதி கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். வண்டி இருமியது, நின்றார்கள். கை பின்னால் போனது, கடந்தார்கள். தலைமேல் பெட்டி தூக்கியிருந்தவர்கூட ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். மேலாளர் தலையாட்டினார். எல்லாம் முடிகிற நேரம், இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று மிஸ்டர் குணரத்தினம் மூன்றாவது லைன் முனையை நோக்கி நடந்தார்.

அங்கே வண்டியும் வந்துகொண்டிருந்தது.

அவர் நடையை மட்டுப்படுத்தினார். வண்டியும் மட்டுப்படுத்தியது. அவர் இரண்டு தடவை இருமினார். வண்டி இரண்டு தடவை இருமியது. அவர் வலது கையைத் தாழ்த்தினார். வண்டியின் வெள்ளைக் கையும் தாழ்ந்தது. ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆள் நிற்பதைக் கண்ட வண்டி மரியாதையாகக் கைகளைப் பின்னால் மடக்கிக்கொண்டது. பழக்கதோஷத்தில் அவருடைய கைகளும் பின்னால் போயின.

கக் நோர் முந்தானையை, அதாவது தலைத்துணி நுனியை, வாயில் திணித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் யாரோ அடக்க முடியாமல் மூக்கால் சிரித்துவிட, அது லைன் முழுக்க ஓடியது. மேலாளருக்குக்கூடப் புரிந்துவிட்டது.

கழற்றி எறி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அத்தனை பேர் முன்னால் தன்னைப் பொம்மையாக்கியதை எந்த மனுஷன் பொறுப்பான்? கையைக் கழற்றினால் வண்டி மறுபடி பேய்க்காடி. அக்கா பால்மரம் வெட்டப் போக வேண்டியதுதான். என்னுடைய விளையாட்டுக்கு விலை கொடுக்கப் போகிறவர் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மிஸ்டர் குணரத்தினம் வண்டிக்கு அருகில் போனார். பின்னால் மடங்கியிருந்த வெள்ளைக் கையைக் குனிந்து பார்த்தார். துணியை விரலால் தொட்டுக் கஞ்சியைச் சோதித்தார். "பட்டன் போடேல்லை" என்றார். கைநுனிப் பட்டனை நிதானமாகப் போட்டுவிட்டார். மற்றக் கைக்கும் சுற்றிப் போய்ப் போட்டுவிட்டார்.

பிறகு என்சிக் ரசாக்கிடம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னார். இது எனக்காக நிற்கிறது. நிற்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அட்டவணை பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. போன முறை அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

சொல்லிவிட்டு, வண்டிக்கு முன்னால் கையைத் தாழ்த்திக் குனிந்து கடந்துபோனார். அவர் கடந்ததும் வண்டி இருமிவிட்டுத் திரும்பியது. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று வேலை முடியும் நேரத்தில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன், அவர் நின்றார். ஆகவே விசாரணை என்று தெரிந்துவிட்டது.

"என்ர இருமல் உண்மையிலேயே அப்பிடித்தானோ?"

"கேட்டதைச் சொல்லவா, நினைச்சதைச் சொல்லவா சார்?"

"கேட்டதைச் சொல்லும்."

"அப்படித்தான் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டு தடவை குலுங்கியது. இருமினாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் அஞ்சலை அக்கா வேலைக்குத் திரும்பினார். கூடவே அதே தோட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள், புதுக் காலணி போட்டுக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டே அக்கா டிராலியைத் தள்ளி மூன்றாவது லைன் முனைக்கு வந்தார். பின்னாலிருந்து இருமல் கேட்டது. இரண்டு தடவை. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் டிராலியை ஒதுக்கி, "போங்க சார்" என்றார்.

பின்னால் வண்டி கையைத் தாழ்த்தி நின்றது. வண்டிக்குப் பக்கத்தில் மிஸ்டர் குணரத்தினமும் கையைத் தாழ்த்தி நின்றார்.

"ஆருக்குச் சொன்னீங்கள் அஞ்சலை? எனக்கோ, அதுக்கோ?"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு முதல்ல கேட்டீங்களோ அவங்களுக்குத்தான் சார்."

மிஸ்டர் குணரத்தினம் ஒரு நிமிடம் யோசித்தார். கண்டது, கேட்டது என்று வரிசையாகத்தான் யோசித்திருப்பார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். வண்டி போனது.